7075 அலுமினியத்துல ஸ்ட்ரெஸ் கரோஷன் டெஸ்ட்: சி-ரிங், உப்புத்தண்ணி, ஒரு டைமர்

போல்ட் போட்டு இறுக்கின சின்ன வளையங்கள், ஒரே பிளேட்டு, ஒரே 7075 அலாய் (ஜிங்க், மெக்னீசியம் கலந்த அலுமினியம்), ஒரே உப்புத்தண்ணி, ஒரே ஸ்ட்ரெஸ். போல்ட் எந்தத் திசையில இழுக்குதுங்கிறது மட்டும்தான் வேற. ஒரு ரிங் சீக்கிரமே விரிசல் விட்டுச்சு, இன்னொன்னு டெஸ்ட் முடியுற வரைக்கும் ஒண்ணும் ஆகாம நின்னுச்சு. "7075 ஸ்ட்ரெஸ் கரோஷனுக்கு தாங்குமா"ன்னு கேக்குறவங்களுக்கு இதனாலதான் ஒத்தை வரியில பதில் சொல்ல முடியல. எந்த டெம்பர் (டி6, டி73 மாதிரி, சூடு பண்ணிப் பதப்படுத்தின நிலை), எந்தத் திசை, எவ்வளவு ஸ்ட்ரெஸ்னு மூணையும் சொன்னாத்தான் அந்தக் கேள்விக்கே அர்த்தம் வருது. இதை புத்தகத்துல படிச்சது வேற, கையில லென்ஸ் வெச்சுப் பாத்தது வேற, அதான் செஞ்சது எல்லாத்தையும் எழுதி வெச்சுடலாம்னு.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா: வெறும் அரிப்பு தனி, வெறும் லோடு தனி, ரெண்டையும் தனித்தனியா தாங்குற உலோகம் ரெண்டும் ஒண்ணா சேந்தா சடார்னு விரிசல் விட்டுடும், அதுதான் ஸ்ட்ரெஸ் கரோஷன் கிராக்கிங். மூணு விஷயம் ஒரே நேரத்துல இருக்கணும், அதுக்கு இடம் குடுக்குற உலோகம், இழுவிசை, அதுக்கேத்த சூழல். ஒண்ணை எடுத்துட்டாலும் விரிசல் வராது. அமுக்கு விசை எவ்வளவு இருந்தாலும் பரவாயில்ல, இழுவிசைதான் ஆபத்து, அதனாலதான் ஷாட் பீனிங் (சின்ன உருண்டைகளை வேகமா அடிக்கிறது) பண்ணி மேற்பரப்பை அமுக்கு விசையில வெக்கிறாங்க. இதுல பயமே என்னன்னா வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும், எடை குறையாது, பொடி உதிராது, ஆனா உள்ள விரிசல் ஓடிட்டு இருக்கும்.

திசைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னா, பிளேட்டை உருட்டும்போது உள்ள இருக்குற கிரெய்ன் (உலோகத்தோட படிகத் துணுக்கு) எல்லாம் நசுங்கி, சீட்டுக்கட்டை அடுக்கி வெச்ச மாதிரி தட்டையா படுத்துடுது. அந்த சீட்டுகளுக்கு நடுவுல இருக்குற எல்லைதான் பலவீனமான இடம், மெக்னீசியமும் ஜிங்க்கும் சேந்த சின்னச் சின்னத் துகள் அங்கதான் வரிசையா உக்காந்திருக்கும், அலுமினியத்தை விட அது சீக்கிரம் கரையும். பிளேட்டோட நீளவாக்குல இழுத்தா விரிசல் சீட்டு சீட்டா குறுக்க வெட்டிட்டுப் போகணும், கஷ்டம். தடிமன் திசையில இழுத்தா ஒரே எல்லையைப் பிடிச்சுக்கிட்டு நேரா ஓடிடும். ஷார்ட் டிரான்ஸ்வர்ஸ்னு சொல்ற இந்தத் தடிமன் திசைதான் எப்பவும் மோசம். 7075-டி6 பிளேட்டுக்கு பொதுவா சொல்ற தாங்கும் எல்லையைப் பாருங்க: நீளவாக்குல சுமார் 345 மெகாபாஸ்கல், அகலவாக்குல சுமார் 310, தடிமன் திசையில வெறும் 48. அலாய் ஒண்ணு, டெம்பர் ஒண்ணு, ஆனா ஏழுல ஒரு பங்கு! ஒரு பிராக்கெட்டை பிளேட்ல இருந்து எப்படி திருப்பி வெட்டுறோம்ங்கிறது இவ்வளவு பெரிய விஷயம்.

அதனால பிளான் இப்படி வெச்சேன். 25 மிமீ தடிமன் 7075-டி651 பிளேட்டு, டி651-ன்னா டி6 தான், கூடவே இழுத்து உள்ஸ்ட்ரெஸ் எடுத்தது. அதுல பாதியை டி6-ஆவே வெச்சுக்கிட்டு மீதிப் பாதியை ஓவர்-ஏஜ் (வலிமை உச்சத்தைத் தாண்டியும் சூட்டுல வெக்கிறது) பண்ணி டி73 பக்கம் கொண்டு போயிட்டேன். ரெண்டு வேற பிளேட் வாங்கினா கிரெய்ன் வேற, கெமிஸ்ட்ரி கொஞ்சம் வேற, அப்புறம் வித்தியாசம் எதனால வந்துச்சுன்னே சொல்ல முடியாது, ஒரே பிளேட்டா இருக்கணும்னு இதுல பிடிவாதமா இருந்தேன். டி6-ங்கிறது 120 டிகிரியில 24 மணி நேரம் ஏஜ் பண்றது. டி73-க்கு முதல்ல 107 டிகிரியில 6ல இருந்து 8 மணி நேரம், அப்புறம் 163 டிகிரியில 24ல இருந்து 30 மணி நேரம். ஏற்கனவே டி6-ல இருக்குற பிளேட்டை நேரா 163-க்கு ஏத்தி அந்த ரெண்டாவது ஸ்டெப்பை மட்டும் குடுத்தாலே வேலை நடக்கும், ஆனா மெதுவா சூடு ஏத்தணும், அடுப்பு உள்ள டெம்பரேச்சர் எல்லா மூலையிலயும் ஒண்ணா இருக்கான்னு தெர்மோகப்பிளை பீஸ் மேலேயே ஒட்டி வெச்சு பாத்துக்கணும். அடுப்போட டிஸ்பிளேவை மட்டும் நம்பக்கூடாது.

ஓவர்-ஏஜ் ஒழுங்கா ஆச்சான்னு எப்படித் தெரியும்? இழுத்துப் பாக்கலாம், டி73 ஆனா 10-15 சதவீதம் வலிமை குறையும். அதை விட சுலபமானது எடி கரண்ட் கண்டக்டிவிட்டி மீட்டர். டி6 சுமார் 33 சதவீதம் ஐஏசிஎஸ் (செம்பை 100-ன்னு வெச்சு மின்கடத்தலைச் சொல்ற அளவு) காட்டும், டி73 குறைஞ்சது 38 காட்டணும். துகள் பெருசாகப் பெருசாக அலுமினியத்துக்குள்ள கரைஞ்சிருக்குற ஜிங்க், மெக்னீசியம் வெளிய வந்துடுது, அதனால கரண்ட் நல்லா ஓடுது. ஒரு புரோபை பீஸ் மேல வெச்சா ரெண்டு செகண்டுல ஸ்ட்ரெஸ் கரோஷனை தாங்குமா தாங்காதான்னு பாதிக் கதை தெரிஞ்சுடுது, இந்தத் துறையில எனக்கு ரொம்பப் பிடிச்ச அளவே இதுதான்.

அடுத்தது சாம்பிள். தடிமன் திசையில இழுவை டெஸ்ட் பீஸ் எடுக்கணும்னா தடியான பிளேட்டு வேணும், 25 மிமீ பத்தாது. அங்கதான் சி-ரிங் வருது, டெஸ்ட் முறைகளுக்குத் தரம் எழுதுற ஏஎஸ்டிஎம் அமைப்போட ஜி38-ல இருக்குற சமாச்சாரம். சின்ன வளையம், ஒரு பக்கம் வெட்டி வாய் திறந்திருக்கும், குறுக்க ஒரு போல்ட் போட்டு நட்டை இறுக்கினா ரிங் அமுங்கும், வாய்க்கு நேர் எதிர்ப்பக்க வெளி மேற்பரப்புல இழுவிசை அதிகபட்சமா வரும். அந்த இடத்துல இழுவிசையோட திசை போல்ட் இருக்குற திசைதான். அதனால போல்ட்டு பிளேட்டோட தடிமன் திசையில இருக்குற மாதிரி ரிங்கை எடுத்தா ஷார்ட் டிரான்ஸ்வர்ஸ் சாம்பிள், உருட்டின திசையில போல்ட் வர்ற மாதிரி எடுத்தா நீளவாக்கு சாம்பிள். அறுக்குறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு கட்டை மேலயும் உருட்டின திசையை அம்புக்குறி போட்டுப் பொறிச்சுடணும். கட்டை சின்னதாயிட்டா எந்தப் பக்கம் எதுன்னு கண்ணால கண்டுபிடிக்கவே முடியாது.

என் ரிங் வெளிவிட்டம் 22 மிமீ, சுவர் 2 மிமீ, ஆக சராசரி விட்டம் 20. லேத்துல கடைசி கட்டெல்லாம் ரொம்ப லேசா, கூலன்ட் ஊத்தி எடுத்தேன், ஆழமா கட் போட்டா டூலே மேற்பரப்புல தனியா ஒரு ஸ்ட்ரெஸ்ஸை விட்டுட்டுப் போயிடும். கடைசியா நைஸ் எமரி, அதுவும் வளையத்தைச் சுத்துற திசையிலதான் தேய்க்கணும். குறுக்க தேய்ச்சா ஒவ்வொரு கீறலும் விரிசலுக்கு வழி காட்டுற கோடாயிடும்.

போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்ங்கிற கணக்குதான் இதோட உயிர். டார்க் ரெஞ்ச் வேண்டாம், நூல்ல இருக்குற உராய்வு ஒவ்வொரு நட்டுக்கும் வேற. ரிங்கோட வெளிவிட்டம் எவ்வளவு குறையுதுன்னு மைக்ரோமீட்டர்ல அளக்கணும். கணக்கு இப்படி: வேணும்ங்கிற ஸ்ட்ரெஸ்ஸை பையாலயும் சராசரி விட்டத்தோட வர்க்கத்தாலயும் பெருக்குங்க. அதை, எலாஸ்டிக் மாடுலஸ் (உலோகத்தோட விறைப்பு), சுவர் தடிமன், இசட்-ன்னு ஒரு திருத்த எண், இந்த மூணோட பெருக்கலை நாலு மடங்காக்கி அதால வகுங்க. இசட் வளைவுக்கான திருத்தம், 1-க்குக் கொஞ்சம் கீழ வரும், ஜி38-ல இருக்குற வரைபடத்துல விட்டத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தை வெச்சு எடுத்துக்கலாம். நான் போட்ட ஸ்ட்ரெஸ் 290 மெகாபாஸ்கல், மாடுலஸ் 71 கிகாபாஸ்கல், திருத்தத்தை விட்டுட்டுப் பாத்தா விட்டம் சுமார் 0.64 மிமீ குறையணும், திருத்தம் சேத்தா இன்னும் கொஞ்சம் கூடும். இங்க 0.02 மிமீ தள்ளிப்போனா 9 மெகாபாஸ்கல் மாறிடும், அதனால ஒரே இடத்துல, ஒரே மைக்ரோமீட்டர்ல, ரூம் டெம்பரேச்சருக்கு வந்தப்புறம் அளக்கணும். 290 ஏன்னா, அது டி73-க்கு எதிர்பாக்குற குறைஞ்சபட்ச வலிமையில கிட்டத்தட்ட 75 சதவீதம். ஏஎஸ்டிஎம் ஜி64 வகைப்பாட்டுல ஏ கிரேடு வாங்க அந்த அளவு தாங்கணும், அதுல டி73 ஷார்ட் டிரான்ஸ்வர்ஸ் ஏ, டி6 ஷார்ட் டிரான்ஸ்வர்ஸ் கடைசி கிரேடான டி.

போல்ட்டு எஃகு, ரிங்கு அலுமினியம், நடுவுல உப்புத்தண்ணி, அப்படியே விட்டா அது பேட்டரி. போல்ட்டுக்கும் ரிங்குக்கும் நடுவுல பிளாஸ்டிக் புஷ் போட்டு, போல்ட் நட்டு முனை எல்லாத்தையும் மெழுகுல மூடி, வாய்க்கு எதிர்ப்பக்க வளைவை மட்டும் திறந்து விட்டேன். மெழுகு பூசுறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல கழுவி, அதுக்கப்புறம் வெறுங்கையால அந்த வளைவைத் தொடவே இல்ல.

கழுவுற திரவத்தைப் பத்தி இங்கயே ஒண்ணு சொல்லிடணும், ஏன்னா டைட்டானியமும் லைட் மெட்டல்தான், அதையும் இதே மாதிரி டெஸ்ட் பண்றவங்க இருக்காங்க. டைட்டானியத்தை மெத்தனால்ல கழுவாதீங்க, மெத்தனால் உள்ள தேங்க விடாதீங்க. 1966-ல அப்போலோ சர்வீஸ் மாட்யூலோட டைட்டானியம் டேங்குல எரிபொருளுக்குப் பதிலா மெத்தனாலை ஊத்தி பிரஷர் டெஸ்ட் பண்ணினாங்க, எரிபொருளை விட பாதுகாப்பானதுன்னு நெனச்சு எடுத்த திரவம், டேங்கு ஸ்ட்ரெஸ் கரோஷன்ல உடைஞ்சு போச்சு. எந்த உலோகத்தை எந்தத் திரவம் பிடிக்கும்ங்கிறது பேரைப் பாத்து ஊகிக்கிற விஷயமே இல்ல.

தொட்டிக்கு வருவோம். ஏஎஸ்டிஎம் ஜி44 முறை: 3.5 சதவீத உப்புக் கரைசல், ஒவ்வொரு மணி நேரத்துலயும் 10 நிமிஷம் உள்ள முங்கியிருக்கணும், 50 நிமிஷம் வெளிய காயணும், ராத்திரி பகல் நிக்காம. காயுற அந்த 50 நிமிஷத்துலதான் மேல இருக்குற தண்ணிப் படலம் மெலிசாகி, ஆக்ஸிஜன் நிறைய கிடைச்சு, உப்போட செறிவும் கூடுது, சும்மா முங்க வெச்சு விடுறதை விட இது கடுமையான டெஸ்ட். ரிங்கைத் தூக்கி இறக்குற மெஷின் எல்லாம் வேண்டாம்னு, மேல ஒரு பிளாஸ்டிக் ட்ரே, கீழ ஒரு பிளாஸ்டிக் டப்பா, மீன்தொட்டி பம்ப்பு ஒண்ணு, ஒரு டைமர் ரிலேன்னு முடிச்சேன். பம்ப் ஓடும்போது தண்ணி மேல ஏறி ரிங்கை மூடும், மிச்சம் வழிஞ்சு கீழயே வந்துடும், பம்ப் நின்னதும் அதே குழாய் வழியா ட்ரே காலியாயிடும். தண்ணி படுற இடத்துல ஒரு துண்டு செம்போ பித்தளையோ இருக்கவே கூடாது, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கரைசல்ல கொஞ்சூண்டு செம்பு அயனி போனாக் கூட அலுமினியம் மேல படிஞ்சு அங்கங்க குழி போட ஆரம்பிச்சுடும், அப்புறம் நம்ம டெஸ்ட் பண்றது வேற ஏதோ ஒண்ணு. கிளாம்ப், குழாய் நிப்பிள், பம்ப்போட ஷாஃப்ட் வரைக்கும் கழட்டிப் பாத்துட்டுத்தான் போட்டேன்.

உப்பு லேப் கிரேடு, அயோடின் கலந்த சமையல் உப்பு கூடாது. தண்ணி டிஸ்டில்டு. பிஎச் 6.4-க்கும் 7.2-க்கும் நடுவுல. ரூம் 27 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி. தினமும் ஆவியாகுற அளவுக்கு வெறும் டிஸ்டில்டு தண்ணியை ஊத்தி மட்டத்தைப் பழையபடி கொண்டு வரணும், உப்புத்தண்ணி ஊத்தினா செறிவு ஏறிக்கிட்டே போயிடும். வாரம் ஒரு தடவை மொத்தக் கரைசலையும் மாத்தணும். ஃபேன் வெச்சு வேகமா காய வெக்கலாமான்னு தோணும், வேண்டாம், மெல்லிசா காத்து நகர்ந்தா போதும்.

கன்ட்ரோல் சாம்பிள்தான் இந்த மொத்த வேலையிலயும் நான் விட்டுக்கொடுக்காத பகுதி. ரெண்டு வகை வெச்சேன். போல்ட் இறுக்காத ரிங்கு சில அதே ட்ரேயில, ஸ்ட்ரெஸ் இல்லாம அரிப்பு மட்டும் என்ன பண்ணுதுன்னு பாக்க. இறுக்கின டி6 ரிங்கு சில சிலிகா ஜெல் போட்ட டெசிகேட்டர்ல, சூழல் இல்லாம ஸ்ட்ரெஸ் மட்டும் என்ன பண்ணுதுன்னு பாக்க. இது ரெண்டும் இல்லாம ட்ரேயில ஒரு ரிங் உடைஞ்சா, அது ஸ்ட்ரெஸ் கரோஷனா, இல்ல குழி விழுந்து சுவர் மெலிஞ்சு லோடு தாங்காம போச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. முக்கியமா செம்பு கலந்த 2000 வரிசை அலுமினிய அலாயில இந்தக் குழப்பம் ரொம்ப வரும், குழி அவ்வளவு ஆழமா போகும். இன்னொன்னு, ஒவ்வொரு வகையிலயும் மூணுக்குக் குறைஞ்சு வெக்காதீங்க, முடிஞ்சா அஞ்சு வைங்க. ஒரே பிளேட்ல பக்கத்துப் பக்கத்துல எடுத்த ரிங்கு கூட விரிசல் விடுற நேரத்துல நிறைய முன்னப்பின்ன போகும், இந்த டெஸ்ட்டோட சுபாவமே அது.

ஏஎஸ்டிஎம் ஜி47-படி, 7075 சேந்த 7000 வரிசைக்கு ஷார்ட் டிரான்ஸ்வர்ஸ்ல 20 நாள், 2000 வரிசைக்கு 10 நாள், மத்த திசைகளுக்கு 40 நாள். தினமும் காயுற நேரத்துல எடுத்து, ஈரத்துணியால உப்பை மெதுவா தொட்டு எடுத்துட்டு, 10 மடங்கு லென்ஸ்ல வளைவைப் பாத்தேன். டி6 ஷார்ட் டிரான்ஸ்வர்ஸ் ரிங்குகள்ல முதல் வாரம் முடியுறதுக்குள்ளயே வந்துடுச்சு. முதல்ல முடி மாதிரி ஒரு கோடு, ரிங்கோட அகலத்துக்கு நேரா. அது அரிப்புக் கறையா விரிசலான்னு முதல் நாள் சொல்றது கஷ்டம், மறுநாள் கோடு விளிம்பு வரைக்கும் போயிருக்கும், ரெண்டு பக்கமும் லேசா மட்டம் மாறியிருக்கும், அப்ப சந்தேகமே இல்ல. சுத்தி இருக்குற மேற்பரப்போ கிட்டத்தட்ட புதுசு மாதிரி! ரிங்கோட எடையில சொல்லிக்கிற மாதிரி எதுவும் குறையல.

அதே டி6, நீளவாக்கு ரிங்கு: அங்கங்க குழி, சாம்பல் கறை, விரிசல் இல்ல. டி73 ஷார்ட் டிரான்ஸ்வர்ஸ்: 20 நாளையும் தாண்டி நின்னுச்சு, குழி மட்டும். இறுக்காத ரிங்கும் அதே மாதிரி குழியோட. டெசிகேட்டர்ல இருந்த இறுக்கின டி6 அப்படியே இருந்துச்சு. உலர்ந்த காத்துல ஒண்ணும் ஆகல, ஆனா 7000 வரிசை டி6-க்கு உப்பே இல்லாம வெறும் ஈரக்காத்துலயே விரிசல் வளரும்ங்கிறது தெரிஞ்ச விஷயம், ஈரப்பதம் ஏற ஏற வேகமும் ஏறும். ஈரம் அலுமினியத்தோட வினைபுரிஞ்சு ஹைட்ரஜனை விடுது, அது கிரெய்ன் எல்லைக்குள்ள நுழைஞ்சு பிணைப்பைத் தளர்த்துது. எல்லையில இருக்குற துகள் கரையுறது காரணமா, ஹைட்ரஜன் காரணமான்னு ரொம்ப காலமா பேசிட்டு இருக்காங்க, 7000 வரிசையில ஹைட்ரஜனுக்குப் பெரிய பங்கு இருக்குன்னுதான் நானும் நம்புறேன்.

லென்ஸ்ல பாத்ததோட முடிவு எழுதிடக்கூடாது, வெட்டிப் பாக்கணும். ரிங்கைக் கழட்டி, அடர் நைட்ரிக் ஆசிட்ல சில நிமிஷம் வெச்சா அரிப்புப் பொருள் எல்லாம் போய் அலுமினியம் சுத்தமா நிக்கும், புகை வெளியேத்துற கூண்டுக்குள்ள, கையுறை கண்ணாடியோட மட்டும். அப்புறம் குளிர் ரெசின்ல பதிச்சு, தண்ணி எமரியில 240ல இருந்து 1200 வரை ஏறி, கடைசில 1 மைக்ரான் டயமண்ட். கிரெய்ன் தெரிய கெல்லர் எட்சன்ட் (மேற்பரப்பை லேசா அரிக்கிற ஆசிட் கலவை) போடுவாங்க, அதுல ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கு, தோல்ல பட்டா உள்ள எலும்பு வரைக்கும் போற விஷம், அதுக்கான வசதியும் பயிற்சியும் இல்லாத இடத்துல தொடவே கூடாது. எட்ச் பண்ணாமயே மைக்ரோஸ்கோப்ல தெளிவா தெரிஞ்சுச்சு: குழியோட அடியில இருந்து கிளம்பி, கிளை விட்டு, தட்டையான கிரெய்ன் ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போற மெல்லிய விரிசல். டி73-லயும் இறுக்காததுலயும் குழி உருண்டையா முடிஞ்சுடுது, அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. குழியோட அடி எப்படி முடியுதுங்கிற இந்த வித்தியாசம்தான் என் கையில இருக்குற ஆதாரம், எத்தனாவது நாள் விரிசல் வந்துச்சுங்கிற எண் அதுக்கு அப்புறம்தான்.

மெக்னீசியத்தையும் இதே ட்ரேயில போட்டுப் பாக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: ஏஇசட்31-ங்கிற மெக்னீசியம் அலாய் பட்டையை நாலு புள்ளி வளைவு ஜிக்ல, ஏஎஸ்டிஎம் ஜி39 முறையில மாட்டிப் பாத்தேன், உப்புத்தண்ணியில குமிழி விட்டுக்கிட்டு மொத்த மேற்பரப்பும் கரைய ஆரம்பிச்சுடுது, கரைசலோட பிஎச்சும் 10 பக்கம் ஏறிடுது, விரிசல் வர்றதுக்கு முன்னாடியே பட்டை மெலிஞ்சுடும். அதனாலதான் அந்தக் காலத்துல உப்போட குரோமேட் சேத்து அந்தப் பொது அரிப்பை அடக்கி வெச்சு டெஸ்ட் பண்ணினாங்க, குரோமேட் புற்றுநோய் உண்டாக்கும், எனக்கு அது வேண்டாம். மெக்னீசியத்துக்கு மெதுவா இழுக்குற டெஸ்ட்தான் சரி, செகண்டுக்கு பத்து லட்சத்துல ஒரு பங்கு நீட்சி. 10 சதவீதம் நீளுற சாம்பிள்னா ஒண்ணை உடைக்கவே சுமார் 28 மணி நேரம் ஆகும், உலர்ந்த காத்துல ஒண்ணு திரவத்துல ஒண்ணு இழுத்து நீட்சி எவ்வளவு குறையுதுன்னு ஒப்பிடணும். அவ்வளவு மெதுவா சீரா இழுக்குற மெஷின் இருக்குறவங்க அதைப் பண்ணுங்க, ட்ரே முறையை மெக்னீசியத்துக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

5083 மாதிரி மெக்னீசியம் 3 சதவீதத்துக்கு மேல இருக்குற அலுமினிய அலாயும் அடுத்த லிஸ்ட்ல இருக்கு. அது வாங்கும்போது நல்லாத்தான் இருக்கும், 65 டிகிரிக்கு மேல ரொம்ப நாள் கிடந்தா கிரெய்ன் எல்லையில பீட்டாங்கிற துகள் வரிசை கட்டிடும். அதுக்கு ஜி67 நைட்ரிக் ஆசிட் எடைக் குறைவு டெஸ்ட்டே போதும், 30 டிகிரியில 24 மணி நேரம், சதுர சென்டிமீட்டருக்கு 15 மில்லிகிராமுக்குக் கீழ போனா பயமில்ல, 25-க்கு மேல போனா ஆபத்து.

இப்ப ட்ரேயில டி6 ஷார்ட் டிரான்ஸ்வர்ஸ் ரிங்கையே கம்மி ஸ்ட்ரெஸ்ல, 150, 100, 60-ன்னு இறக்கி ஓட்டிட்டு இருக்கேன். 150-லயும் விரிசல் வந்தாச்சு, 290-ஐ விட தாமதமா. 100-ல சிலது கோடு காட்டுது, வெட்டினாத்தான் உறுதி. சி-ரிங்ல விரிசல் ஓட ஓட போல்ட்டோட லோடு தானா இறங்கிடும், அதனால விரிசல் எவ்வளவு வேகமா வளருதுன்னு இதுல அளக்க முடியாது. அதுக்கு ஜி168-ல சொல்ற டபுள் கேன்டிலீவர் பீம் தேவை, நடுவுல பிளவு வெட்டின கட்டையை ரெண்டு போல்ட்டால வாயைத் திறந்து வெச்சு, பக்கவாட்டுல கோடு கீறி, விரிசல் முனை ஒவ்வொரு கோட்டையும் எப்பத் தாண்டுதுன்னு குறிக்கிறது. அதே பிளேட்ல மிச்சம் இருக்குற டி6, டி73 கட்டைகளை அதுக்குத்தான் எடுத்து வெச்சிருக்கேன், ரெண்டுலயும் உருட்டின திசை அம்புக்குறி இருக்கு.